முறி கூடிய நாள்

தூத்துக்குடியிலிருந்து லோடு வந்த அன்று
டிரைவர் பில்லில் கையெழுத்துப் போடுகிற நேரம்
கிளீனர் ரெக்சின் தன் குட்டி ஸ்பீக்கரைச்
சாக்கு அட்டியின்மேல் வைத்துவிட்டுச்
சாயா குடிக்கப் போனான்.
அணைக்காமல் போனான்.

முதலில் வெறும் இடி.
டும் டும் டும் டும்.
மத்திகோட்டில் எந்தக் கொடைக்கும் முழங்காத இடி,
தோலும் இல்லை, கோலும் இல்லை,
கரண்டில் பிறந்து கரண்டிலேயே வளர்ந்தது.
மழைக்கால டிரான்ஸ்பார்மருக்குத் தாளம் பிடிபட்டால்
இப்படித்தான் உறுமும்.

நாங்கள் நிமிரவில்லை.
நாற்பத்திரண்டு பேர், இருபத்தொரு மெஷின்.
இடதுகை கொட்டையை வைக்க
வலதுகை பிடியை இழுக்க
கால் பெடலை மிதிக்க,
கிறுக்,
தோடு இரண்டாகும். எதிரில் விஜிலா
ஊசியால் பருப்பை நெம்புவாள்.
ஆளுக்கொரு வேகம், மெஷினுக்கொரு முனகல்
பதினோரு வருஷமாய்.

அப்புறம் அவள் வந்தாள்.

குரல் மட்டும்.
ஆற்றுப்பாறையில் துணி அடித்துக்கொண்டே
அக்கரைக்காரியை விளிக்கிற குரல்.
ஒரு வரி சொல்வாள்,
பத்துப்பேர் அதையே வாங்கித் திருப்பி எறிவார்கள்,
அவள் பிடிப்பாள், சிரிப்பாள்,
அந்தச் சிரிப்பையும் இடி விடாமல்
அடுத்த டும்மில் சேர்த்துக் கட்டிக்கொள்ளும்.

சாக்கில் தான்சானியா என்று எழுதியிருந்தது.
பாட்டும் அந்த ஊர்தானா, யாருக்குத் தெரியும்.
தங்கபாய்க்கு அதில் "சாயா வேணுமா" கேட்டது.
"இல்லட்டீ, சேசுவே சேசுவேன்னாக்கும்"
என்றாள் புஷ்பலீலா.
எனக்கு என் பெயர் கேட்டது.
வின்சிலின், வின்சிலீஈஈன் என்று
இவ்வளவு நீட்டி
யாரும் என்னை விளித்தது கிடையாது.

கால்தான் முதலில் கண்டுபிடித்தது.
டும் விழும்போது பெடல் விழுந்தது.
பக்கத்தில் ஷைனியின் பெடல்,
அவளுக்கு அப்புறம் சுனிதாபாயின் பெடல்.
இருபத்தொரு கிறுக்கும்
ஒரே கிறுக்காய் விழுந்த நொடி
ஷெட்டு ஒருமுறை துள்ளியது,
தகரத்திலிருந்து பல்லி ஒன்று கீழே விழுந்து
எழுந்து ஓடியது.

நடுவில் இடி நின்றுவிட்டது.
அவள் மட்டும், மூச்சு உள்ளே போவதும் கேட்க,
ஏறுகிறாள், ஏறுகிறாள்,
இருபத்தொரு கால் அந்தரத்தில்.
சூப்பர்வைசர் கிறிஸ்துதாஸ்
வாசலில் வந்து நின்றது அப்போதுதான்.
யாரும் காலை இறக்கவில்லை.
அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார்,

டும்.

விஜிலா எழுந்துவிட்டாள்.
தோட்டெண்ணெய் கறுத்த இரண்டு கையும்
சேலையில் படாதபடி அகல விரித்தாள்.
அதுவே ஆட்டமாயிற்று.
படித்தா ஆடினோம்?
எண்ணெய் பட்டால் பொள்ளும் என்ற பயம்தான்
எங்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்தது.
யாரும் யாரையும் தொடாமல்
எல்லோரும் சிறகு விரித்து
இடுப்பில் எதையும் பாக்கி வைக்காமல்.
முட்டுவலிக்காரி தங்கபாய்
ஸ்டூலில் இருந்தபடியே
தோள் இரண்டையும் ஆடவிட்டாள்.

சாயா கிளாசோடு ரெக்சின் வந்து திகைத்து நின்றான்.
"என்ன பாட்டு மக்கா இது, என்ன செல்லுதா?"
"எனக்கென்ன தெரியும் அக்கா,
ராத்திரி லாரியில உறக்கம் வராம இருக்கப் போடுதது."

சாயங்காலம் தராசில் வைத்தபோது
எனக்கு முறி ஒன்றரைக் கிலோ கூடுதல்.
காலுக்குக் கை ஓடிய அவசரத்தில்
முழுப்பருப்பாய் வரவேண்டியது எல்லாம் துண்டு.
"முப்பத்தாறு ரூபாய் பிடிப்பேன்" என்றார் கிறிஸ்துதாஸ்,
முகத்தைப் பேரேட்டுக்குள் வைத்துக்கொண்டு.
எழுதிக்கிடுங்கோ என்றேன்.

அடுத்த லோடு எப்போது என்று
நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.
அன்றைக்கு ஆறு பேர் கேட்டார்கள்.